நாலு டைப்ரைட்டரும் காலி

1986 ஜூன் 9, திங்கள்

விடாத மழை. கொச்சங்காடியில் புது ஆபீஸ். கீழே மிளகு குடோன், மேலே எங்கள் கம்ப்யூட்டர் ரூம். ஏ.ஸி. உண்டு, செருப்பு வெளியே. வேலை: வெளிநாட்டு விமானங்களின் நேரம், சீட் விவரம் எல்லாம் அடித்து ஃப்ளாப்பியில் பம்பாய்க்கு. முதலாளி என்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார். "டைப் தெரிஞ்ச நாலு பெண்கள் வேணும், நீங்களே பாருங்க."

யோசிக்கவே இல்லை. நாலும் குட்டன் பிள்ளையின் டிராவல்ஸ் கடையிலிருந்துதான். (இனி கு.பி. முழுப்பேர் எழுதப் பிடிக்கவில்லை.) அங்கே டிக்கெட் அடித்தே என் வயசு போச்சு. மேனேஜர் வேலை காலியானதும் மச்சினனுக்குக் கொடுத்தான். ஏன் என்று கேட்டேன். கஸ்டமர்கள் முன்னாலேயே, "பாண்டிச்சி டைப் அடிச்சா போதும். ஆளுகளோட பேசண்டா." தமிழ் பேசினால் இங்கே பாண்டிச்சி. இதே ஊரில், மட்டாஞ்சேரியில் பிறந்தவள் நான். அன்றே விட்டேன்.

ஜூன் 11, புதன்

சுள்ளிக்கல் பஸ் ஸ்டாப்பில் லிஸி. கு.பி. கடை டைப்பிஸ்ட்.

"சேச்சி, கம்ப்யூட்டர்னா எனக்குப் பேடி, பயம்."

"டைப்ரைட்டர் மாதிரிதான். தப்பு அடிச்சா ரப்பர் வேண்டாம்."

சம்பளம் சொன்னேன். அவளுடைய பஸ் வந்தது, போனது. ஏறவில்லை.

ஜூன் 16, திங்கள்

லிஸி இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். மூணும் கு.பி. கடை. எர்ணாகுளத்திலிருந்து ஒரு பெண், நன்றாகவே அடித்தாள். திருப்பி அனுப்பினேன். நாலாவதும் அங்கிருந்துதான் வரணும்.

சாயங்காலம் வேணுமென்றே அந்தத் தெரு வழியாக. கு.பி. ஒற்றை விரலால் டிக்கெட் அடித்துக்கொண்டு. மச்சினன் பேப்பரோடு. இன்னொரு தடவையும் நடந்தேன். சோப்பு வாங்க மறந்தேன்.

ஜூன் 18, புதன்

பிந்து வந்தாள். கு.பி.யின் மகள். அந்தக் கடையில் மிச்சமிருந்த ஒரே டைப்பிஸ்ட்.

"அச்சன் அனுப்பினாரா?"

"அச்சனுக்குத் தெரியாது. எனக்குச் சம்பளம் கிடையாது, சேச்சி. மோள்தானேன்னு சொல்லும்."

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. டெஸ்ட் வைத்தேன். லிஸியைவிட வேகம். எடுத்துவிட்டேன். பாவமாகவும் இருந்தது, கொஞ்சம். வீட்டுக்கு வந்ததும் தனியாகச் சிரித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

மழை விட்டது. ஏ.ஸி. ரிப்பேர், ஜன்னல்கள் திறந்து. மத்தியானம் கு.பி. குடோன் வாசலில்.

"எடீ பிந்து, எறங்கி வாடீ."

ஜன்னலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "சரோஜா, மோளையாவது விட்டுத் தா. இல்லேன்னா கடை பூட்டணும்."

இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். நிற்கட்டும்.

பிந்து எழுந்து என் பக்கத்தில் வந்தாள். கீழே பார்த்தாள். நான் சொல்லாமலே ஜன்னலைச் சாத்தினாள்.

"துபாய் எதுவரை அடிச்சோம், சேச்சி?"