சிடியின் மேல் உன் எழுத்து

இன்று காலை உன் அம்மா மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த உன் நீலநிறப் பென் டிரைவை மேஜைமேல் வைத்தார்.

"புயல்ல தண்ணி பூந்து அவ கம்ப்யூட்டர் வீணாப்போச்சும்மா. அவ எழுதுனது இதுலயாச்சும் இருக்குதா பாரு. சாயங்காலம் வரேன்" என்றார்.

காமாலையில் நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த டிரைவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. பழைய வயிற்றெரிச்சல்தான் வந்தது.

சிதம்பரத்தில் எம்.எஸ்சி. படித்தபோது வகுப்பிலேயே முதலில் பென் டிரைவ் வாங்கியவள் நீ. நாங்கள் பிளாப்பியைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டிருக்க, நீ அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறுவாய். செமினாரில் நான் ஹார்டு டிஸ்க் பற்றிப் பேசினேன். சார் கொட்டாவி விட்டார். அடுத்து நீ எழுந்து, உடம்பில் இருக்கிற டிஎன்ஏவிலேயே ஒருநாள் புத்தகங்களை எழுதி வைப்பார்கள், ஒரு நூலகமே டம்ளருக்குள் அடங்கிவிடும் என்றாய். சிரித்தவர்களும் கடைசியில் கைதட்டினார்கள். அன்று பஸ்ஸில் உன் பக்கத்து இடம் காலியாக இருந்தும் நான் கடலூர்வரை நின்றுகொண்டே வந்தேன்.

எதை எழுதினாலும் ஒரு காப்பியை வேறொருவர் வீட்டில் கொடுத்து வைப்பது உன் வழக்கம். "கெடிலத்துல வெள்ளம் வந்து நம்ம வீடு முழுகுனாலும் அவுங்க வீடு நிக்கும்ல" என்பாய். அந்த டிஎன்ஏ செமினார் கட்டுரையை, படமும் ஸ்லைடுமாக, அழித்து எழுதக்கூடிய சிடி ஒன்றில் ஏற்றினாய். மேலே மார்க்கரில் உன் பெயரை எழுதி, "பத்திரமா வைடி" என்று கொடுத்தாய். அந்த வாரமே அதை அழித்துப் பாட்டு ஏற்றிக்கொண்டேன். வீட்டில் வேறு சிடி இல்லாமல் இல்லை. பிறகு ஒருநாள் நீ கேட்டபோது, "இருக்குடி" என்றேன்.

இந்த வருடம் ஒரு புத்தகத்தையே டிஎன்ஏவில் எழுதிவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. நீ சொன்னது நடந்துவிட்டதே என்று நான் சந்தோஷப்படவில்லை. செத்த பிறகும் முந்திக்கொண்டாயே என்று பேப்பரை மடித்து வைத்தேன்.

உன் அம்மா போனதும் டிரைவைச் செருகிப் பார்த்தேன். உன் கட்டுரை அதில் இல்லை. என் பெயரில் ஒரே ஒரு ஃபோல்டர்; உள்ளே இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, படிக்கும்போது நான் உன்னிடம் கொடுத்திருந்த என் பிராஜெக்ட். கூடவே உன் தம்பிக்கு, ஆங்கில எழுத்தில் நீ அடித்து வைத்த தமிழ்க் குறிப்பு: "டேய், இத அழிச்சிடாத. அவளோடது. என்னோடத எடுத்துட்டுதான் இதப் போட்டிருக்கேன். என்னோடது அவகிட்ட பத்திரமா இருக்கு."

இதிலும் நீயே ஜெயித்துவிட்டாய். இப்போதும் எரிகிறது.

அந்த சிடி என் அலமாரியில்தான் இருக்கிறது. நான் ஏற்றிய பாட்டுகூட இப்போது ஓடுவதில்லை. மேலே உன் எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். உன் அம்மா வந்ததும் கையில் கொடுத்து, உள்ளே இருந்ததை அழித்தவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது.