ஆறாம் அறைக்குப் போன கட்டுரை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை. விடுமுறை தொடங்கியதிலிருந்து நம் விடுதிக்கு ஆள் வந்தபடியே இருக்கிறார்கள். நேற்று மட்டும் இருபத்தாறு போர்வை துவைத்துப் போட்டேன். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். அதனால் நீ கேட்ட தாளோடு இதையும் வைத்து அனுப்புகிறேன்.

நீ தங்கியிருக்கும் சித்தி வீட்டில் பிரிண்டர் இல்லையென்று, கல்லூரியில் சேர விண்ணப்பத்தோடு கேட்ட கட்டுரையை இங்கே அனுப்பினாய் அல்லவா? அது அச்சாகி வந்த நேரம் மூன்று பேர் சாவிக்காக நின்றார்கள். அவசரத்தில், வெந்நீர் வரும் நேரம் போட்ட தாளோடு உன் கட்டுரையையும் சேர்த்து ஆறாம் அறை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அரை மணி கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். "பாப்பா ரொம்ப அழகா எழுதியிருக்கும்மா, அந்தச் சித்தி கொடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முன்னால் வழிப்போக்கர் படித்தாயிற்று.

பிறகு நானும் படித்தேன். தலைப்பு, 'என்னை உருவாக்கியவர்'. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சித்தி. எனக்கு வயிறு எரிந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது? உன் சித்தி பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவள். அவளுக்கு விடுமுறை என்றால் விடுமுறை. பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்துவாள். எனக்கு விடுமுறை என்றால் ஊரே வந்து என் தலையில் உட்காரும். சின்ன வயதிலும் இப்படித்தான். வீட்டு வேலை நான் செய்வேன், நல்ல பெயர் அவள் வாங்குவாள். உன் அப்பாவிடம் புலம்பினேன். பிள்ளையின் கட்டுரையில் உனக்கென்ன போட்டி என்று சிரிக்கிறார். அவர் பெயரும்தான் அதில் இல்லை, மனிதருக்கு உறைக்கவில்லை.

கடைசியில், இதில் உள்ளவை உண்மை என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டுமாம். 'எங்கள் வீட்டில் யாருக்கும் என்னோடு உட்கார நேரம் இருந்ததில்லை' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஓரத்தில் எழுதக் கை போனது. அதற்குள் வாசல் மணி அடித்தது, பேனாவை வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டேன். உண்மையா என்றுதானே கேட்டிருக்கிறார்கள்.

இதை அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள், மறந்துவிடாதே. வேறு கல்லூரிகளுக்கு இன்னும் இரண்டு கட்டுரை பாக்கி என்றாயே, அவற்றை எழுத ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. நான்காம் அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டு குடும்பம் கேட்டும் இல்லையென்று சொல்லிவிட்டேன், அப்பாவுக்குக் கோபம். ஜன்னலோரம் மேசை போட்டு இரண்டு நாற்காலி வைத்திருக்கிறேன். எனக்குத் திருத்தவெல்லாம் தெரியாது. நீ எழுது, நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மணி அடித்தால் அப்பா போய்ப் பார்க்கட்டும்.

சித்தியைக் கேட்டதாகச் சொல். நீ நினைத்த கல்லூரியே கிடைக்கும், நன்றாக இரு.

வருவாய்தானே,
உன் அம்மா