கும்பத்தண்ணீர் குடித்த ஹார்ட் டிஸ்க்

இணுவில்,
26.10.2025

அன்புள்ள மகன் கீர்த்திகனுக்கு,

நீ அந்தக் குளிரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். வீட்டில் நோயில் விழுந்தது என்னுடைய ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான், அதற்கும் வைத்தியம் பார்த்தாகிவிட்டது. தொலைபேசியில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று கதையைத் தனக்கு வசதியாகத் திருத்துவார், அதனால் எழுதுகிறேன்.

சரஸ்வதி பூசைக்குக் கும்பத்தடியில் புத்தகங்களை அடுக்கியபோது அப்பா என் மேசையிலிருந்த டிஸ்கையும் எடுத்து மேலே வைத்திருக்கிறார். ஐந்து வருடமாக இருபத்தெட்டுக் கிணறுகளில் தண்ணீர் அள்ளி நான் அளந்த, தோட்ட உரத்தால் கலக்கும் நைத்திரேற்று அளவுகளும், அடுத்த மாதம் கொடுக்கவேண்டிய முதுதத்துவமாணிப் பட்டத்துக்கான ஆய்வேடும் அதற்குள்தான். படிப்புச் சாமான் என்று சந்தனமும் குங்குமமும் தாராளமாகப் பூசினார், விசயதசமியன்று மாவிலையால் கும்பத்தண்ணீர் தெளித்தபோது என் ஆய்வு நல்லபடி முடியவேண்டும் என்று அதற்கு மட்டும் மூன்று தரம் தெளித்தாராம். பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் கணினியில் கொழுவினேன், பல்லி சொல்வதுபோல் டிக் டிக் என்றது, திரையில் ஒன்றும் வரவில்லை. அப்பா அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, சத்தம் வருகுதுதானே, உயிர் இருக்கு என்று அறிவித்தார். பக்கத்து வீட்டு யாகோப்பு அண்ணை ஒருமுறை நனைந்த போனை அரிசிக்குள் போட்டுப் பிழைக்க வைத்தவர், அன்றிலிருந்து அவர் எங்கள் ஒழுங்கையின் விஞ்ஞானி. அவருடைய சிபாரிசில் டிஸ்க் இரண்டு நாள் அரிசி வாளிக்குள் கிடந்து, குங்குமத்தோடு தவிடும் பூசிக்கொண்டு வெளியே வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போன நேரமெல்லாம் அப்பா அதைக் கழற்றுவதும் கொழுவுவதுமாக இருந்தது பிறகுதான் தெரியும்.

கடைசியில் நல்லூரில் டிஸ்க் திருத்துகிற சுவர்ணா என்ற பெண்ணிடம் கொண்டுபோனோம். வயரை மாற்றிப் பார்த்தாள், வேறு கணினியில் கொழுவிப் பார்த்தாள், பிறகு கூட்டைத் திறந்து அடியிலிருந்த பச்சைத் தகட்டைக் காட்டினாள். சந்தனம் காய்ந்து, செப்புப் புள்ளிகளெல்லாம் களிம்பு பிடித்திருந்தன. ரீச்சர், இதென்ன, டிஸ்க் பெரியபிள்ளை ஆகிச் சாமத்தியவீடு செய்தனீங்களோ என்று கேட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். எத்தினை தரம் போட்டுப் பாத்தனீங்கள் என்றதற்கு, ஒரு பத்துப் பதினைஞ்சு தரம் இருக்கும் பிள்ளை, ஒவ்வொருக்காவும் பிள்ளையாரை நினைச்சுக்கொண்டுதான் போட்டனான் என்றார். பிள்ளையாரை விடுங்கோ ஐயா, காலுடைஞ்ச ஆளை எழுப்பி எழுப்பி நடக்கவிட்ட மாதிரியெல்லோ செய்திருக்கிறியள் என்றாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. தகட்டைத் துப்புரவாக்கியதும் டிஸ்க் சுழன்றது, ஆனால் சில இடங்களை வாசிக்க மறுத்தது. எந்தக் கோப்பையும் திறக்காமல் முழு டிஸ்கையும் முதலில் இன்னொன்றுக்குப் பிரதி எடுப்பதாகவும், வராத இடங்களை விட்டுவிட்டுக் கடைசியில் திரும்பி வருவதாகவும் சொன்னாள். வினாத்தாள் செய்கிற முறை அது, என் மாணவிகளுக்கு இருபது வருடமாகச் சொல்லியும் ஏறாதது.

நான்கு நாளில் ஆய்வேடு வந்தது. அளவுகளும் வந்தன, இந்த வருடம் தை முதல் சித்திரை வரையானவை மட்டும் வரவில்லை. வேறை பிரதி வைக்கேல்லையோ ரீச்சர் என்று கேட்டாள். வைத்திருந்தேன். நீ படித்துப் படித்துச் சொன்னபடி இரண்டு பிரதி, இரண்டும் அதே டிஸ்கில். அப்பாவின் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது. ரெண்டு பிள்ளையளையும் ஒரே வள்ளத்திலை ஏத்திப்போட்டு என்னைப் பேசுறா என்று இன்றுவரை யாகோப்பு அண்ணையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். காகிதத்தைக் கறையான் தின்னும் என்று கொப்பியில் எழுதாமல் விட்டதும் நான்தான், அது அவருக்கு இன்னும் ஞாபகம் வரவில்லை.

அந்த நான்கு மாதத்துக்கும் அப்பா ஒரு வழி சொன்னார். போன வருசத்தைப் பாத்து முன்னைப் பின்னைப் போட்டு எழுதிவிடுமன், ஆர் கிணத்துக்குள்ளை இறங்கிப் பாக்கப் போகினம் என்றார். உன்னிடம் மறைப்பானேன், முதலாவது கிணற்றுக்கு ஓர் இலக்கம் தட்டியும் பார்த்தேன். மிகவும் நம்பும்படியாக இருந்தது, அதுதான் பயமாயிருந்தது. அந்தக் கிணற்றுக்காரியின் மகளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம், பால்மா கரைப்பது அந்தத் தண்ணீரில்தான், நைத்திரேற்று கூடினால் கைக்குழந்தைக்கு அது நஞ்சு. அழித்துவிட்டு, வருகிற மாரி முடிந்து மறுபடி அளக்கவேண்டும், ஆனி வரை தவணை தாருங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன், தந்திருக்கிறார்கள். நாற்பத்தொன்பதில் முடியவிருந்த படிப்பு ஐம்பதில் முடியும். இருபத்தெட்டுக் கிணற்றிலும் வாளி பிடிப்பது அப்பாவின் வேலை, மேன்முறையீடு கிடையாது.

இந்தக் கடிதத்தைச் சுபாஜினி மாமி கையோடு கொண்டுவருகிறா. மிளகாய்த்தூள் பார்சலுக்குள் பொலித்தீனில் சுற்றிய சின்ன டிஸ்க் ஒன்று இருக்கிறது. திறந்து பார்க்காதே, ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்காதே, ஒன்றும் செய்யாதே, சும்மா வைத்திரு. ஒரு பிரதி வீட்டைவிட்டுத் தூர இருக்கவேண்டும் என்று சுவர்ணா கண்டிப்பாகச் சொன்னாள். தூரத்தில் எனக்கு இருப்பது நீ ஒருவன்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. இணுவில் கந்தன் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். பார்சல் கிடைத்ததும் ஒரு சொல் அறிவி.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா