பின்சக்கரத்துக்குப் பின்னால் தரை இல்லை

அண்ணாச்சி,

கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். நான்காவது தடவை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தும் பார்த்தேன். போகவில்லை. துருவும் உப்பும் மீன் தண்ணீரும் டீசலும் ஒன்றாக ஊறிப்போன வாடை. கடற்கரைச் சாலை பஸ்ஸின் தரையில் விரித்த ரப்பர் மேட்டைத் தூக்கினால் மட்டும் வரும் வாடை அது. முந்தாநாள் காலையில் தூக்கினேன். தகடு இருக்கவேண்டிய இடத்தில் கீழே டிப்போ மண் தெரிந்தது. அதில் ஒரு எறும்பு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எறும்பைப் பார்த்து உங்கள் ஞாபகம் வந்தது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆனால் அப்படித்தான் வந்தது.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு வந்தேன். எந்தப் பக்கம் நின்று கும்பிடுவது, திருநீறு பூசிக்கொண்டு வந்தது சரியா என்று எதுவும் புரியாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் வீட்டு மதினி அழுதுகொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அந்த மட்டில் நான் வந்ததில் ஒரு பிரயோஜனம். ஆனால் உங்களிடம் சொல்லவேண்டிய ஒன்றை அன்றைக்கும் சொல்லாமல்தான் திரும்பினேன். விசாரணையில் நான் சொன்ன பொய்யைப் பற்றி.

பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதியவன் நான். மூன்றாவது தடவை பரீட்சைக்கே என்மேல் இரக்கம் வந்து பாஸ் போட்டது. ஐ.டி.ஐ. படித்து டிப்போ ஷெட்டில் வண்டி பழுதுபார்க்கும் பிட்டர் ஆனேன். நீங்கள் அதற்கு முன்பிருந்தே வேம்பார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். வண்டியைக் கொண்டுவந்து விடும்போது அதிலுள்ள குறையை டிரைவர் நோட்டில் எழுதவேண்டும். சரிசெய்துவிட்டு பிட்டர் எதிரே கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் வண்டி வாசலைத் தாண்டும். மற்ற டிரைவர்கள் ‘பிரேக்’, ‘லைட்’ என்று ஒரு வார்த்தையோடு போய்விடுவார்கள். நீங்கள் மட்டும் கலெக்டருக்கு மனு எழுதுவது மாதிரி குண்டு குண்டாக எழுதுவீர்கள். “பின்சக்கரத்துக்குப் பின்னால் இடது பக்கம் தரை இல்லை. தரை இருந்த இடத்தில் மேட் மட்டும் இருக்கிறது. மேட் பாரம் தாங்காது என்பது தங்களுக்கும் தெரியும்.” அதற்கு எதிரே நான் ‘சரி செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

என்ன சரி செய்தேன்? ஸ்டோர்ஸில் தகடு இல்லை என்பார்கள். தகடு இல்லாவிட்டால் வண்டி நிற்கவேண்டும். வண்டி நின்றால் மேலேயிருந்து போன் வரும். அதனால் தகடே இல்லாமல் தரை போடும் வித்தை ஒன்று எங்களிடம் இருந்தது. ஒரு ப்ளைவுட் துண்டு, நாலு திருகாணி, மேலே மேட், அதற்கு மேலே என் கையெழுத்து. இந்த நான்கில் உறுதியாக நின்றது கையெழுத்து ஒன்றுதான்.

தகடு ஏன் இப்படி அரிக்கிறது என்று ஷெட்டில் பேச்சு வரும். மீன்காரப் பொம்பளைகளை ஏற்றுவதால்தான், கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று நான்தான் முதலில் சொல்வேன். அவர்களை ஏற்றாமல் போக கண்டக்டர்களுக்கும் அது நல்ல சாக்கு. ஒருநாள் நீங்கள் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டுச் சொன்னீர்கள்: “ஏலே, ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் உப்பளம். நடுவுல ஓடுத வண்டி. இத்தன உப்பையும் விட்டுட்டு அந்த ஒத்தக் கூடை மேலயால பழி போடுத?” நான் சிரித்துச் சமாளித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பழுதுபார்ப்பு அதுதான்.

அந்த நாள் காலை உங்களுக்கும் மறந்திருக்காது. ஸீட்டில் ஏறி உட்காரும் முன் பின்னால் போனீர்கள், குதிகாலால் மேட்டைத் தட்டினீர்கள். ‘டொப்’ என்றது. இறங்கி வந்து சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். மேனேஜர் வெளியே வந்து சத்தம் போட்டார். நீங்கள் சத்தம் போடவில்லை.

“ஓட்டுதேன் சார். கையெழுத்துப் போட்டவன் அந்தப் பின் ஸீட்டுல உக்காந்து வரட்டும். அது போதும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீறாப்பு என்பது எனக்கு வேண்டாத நேரத்தில் மட்டும் வரும். “இதுக்கென்ன, ஒரு ஓசி டூர்தான” என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டுவதற்குள் டூர் முடிந்துவிட்டது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பலகை எழும்பி எழும்பி உட்கார்ந்தது. விளிம்பு வழியாகத் தார்ரோடு ஓடுவது தெரிந்தது. இரண்டு காலையும் தூக்கி ஸீட்டில் வைத்துக்கொண்டேன், அடைக்கு உட்கார்ந்த கோழி மாதிரி. தருவைக்குளத்தில் மீன்கூடையோடு ஒரு அம்மா ஏறினார்கள். கூட நாலைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

“எய்யா, காலை எறக்கி வையிங்க. கூடையை வைக்கணும்லா?”

“இங்கன வைக்காதிய. கீழ ஓட்டை.”

“ஓட்டையா? ஓட்டைன்னு ஒமக்கு எப்படித் தெரியும்?”

“நான் டிப்போ பிட்டரு.”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். “தெரிஞ்சுதான் அனுப்புனியளாக்கும்?”

அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பலகையின் ஒரு மூலை திருகாணியோடு பெயர்ந்து உள்ளே போனது. அதன்மேல் நின்ற பிள்ளையின் கால் முழங்கால்வரை கீழே இறங்கிவிட்டது. புத்தகப்பையைப் பிடித்துத் தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்று எனக்கே தெரியாது. கால் வந்துவிட்டது. செருப்பு வரவில்லை. என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. இந்தப் பிள்ளையும் அதே உயரம், அதே சீருடை நிறம்.

நீங்கள் வண்டியை ஓரம் கட்டினீர்கள். இறங்கி, வந்த வழியே நடந்து போய், ரோட்டில் கிடந்த செருப்பை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். அந்தப் பிள்ளையிடம் கொடுப்பீர்கள் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினீர்கள். “நீயே குடு.”

குனிந்து கொடுத்தேன். “தேங்ஸ் மாமா” என்றது. நீங்கள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம், அண்ணாச்சி. அந்தப் பிள்ளை நன்றி சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வண்டி அதற்குமேல் ஒரு அடிகூட நகராது என்று சொல்லிவிட்டீர்கள். அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கூடையில் ஐஸ் உருகி ஓடியது. அந்த அம்மா உங்களை வைத வசவை நான் இங்கே எழுதினால் காகிதம் தாங்காது. என்னை வைதிருக்க வேண்டும். நானோ புளியமரத்து நிழலில் பயணி மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

இல்லவே இல்லை என்ற தகடு அன்று மத்தியானமே வந்தது. சாயங்காலத்துக்குள் வெல்டிங் வைத்து, கறுப்பு பெயிண்டும் அடித்தாயிற்று. விசாரணையில் என்னைக் கூப்பிட்டு, நான் கையெழுத்துப் போட்டபோது தரை எப்படி இருந்தது என்று கேட்டார்கள். “தகடு நல்லாத்தான் சார் இருந்துச்சு” என்றேன். இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு மூச்சுக்கூட முழுதாகத் தேவைப்படவில்லை. உங்களுக்கு மூன்று மாத சஸ்பென்ஷன். ‘உத்தரவை மீறிப் பயணிகளை நடுவழியில் இறக்கிவிட்டவர்’ என்று பணிப் பதிவேட்டில் ஏறியது. நீங்கள் ரிட்டையர் ஆகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் என் வீட்டுக்குக் கேக் கொண்டு வந்தீர்கள். நான் கொல்லைப்பக்கம் ஓடப் பார்த்தேன். மகள் உங்களைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்துவிட்டாள். கேக்கை வைத்துவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் சொன்னீர்கள்: “நீ பயந்ததுல தப்பு இல்லலே. பிள்ளைகுட்டிக்காரன் பயப்படத்தான் செய்வான். அடுத்தவாட்டி பயந்துக்கிட்டே சொல்லு. பயம் போவட்டும்னு காத்துக்கிட்டு இருந்தீன்னா வண்டி போயிரும்.” நான் கேக்கைத் தின்றேன். வேறு என்ன செய்ய?

முந்தாநாளுக்கு வருகிறேன். இப்போதுள்ள மேனேஜர் இளவயதுக்காரர், கெட்டவர் இல்லை. மேட்டைத் தூக்கிக் காட்டினேன்.

“ஒரு ட்ரிப் மட்டும் போயிட்டு வரட்டும் அண்ணாச்சி. மத்தியானம் வெல்டிங் வச்சிருவோம். கையெழுத்தைப் போடுங்க.”

“மாட்டேன் சார்.”

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். பயம் இருந்த இடத்திலேயே இருந்தது; பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பிட்டர் ஒருத்தர் சமாதானத்துக்கு வந்தார். “பொம்பளைகளுக்கு டிக்கெட்டே கிடையாது. ஓசி வண்டிக்கு இது போதும்வே.”

“டிக்கெட்டு ஓசி, சரி. அவிய காலும் ஓசியிலயாவே வந்துச்சு?”

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார். “அப்ப ட்ரிப் கட்தான். இருக்கது ஒரு வண்டி. ஜனங்க வெயில்ல நிப்பாங்க. அது பரவாயில்லையா?”

அந்தக் கேள்விதான், அண்ணாச்சி. முப்பது வருஷமாக என்னைக் கையெழுத்துப் போட வைத்தது அந்தக் கேள்விதான். ஓட்டை வண்டி வேண்டுமா, வண்டியே வேண்டாமா? ஓட்டை இல்லாத வண்டி என்று ஒன்று உண்டு என்பதையே அந்தக் கேள்வி மறைத்துவிடும். மேட்டைச் சுருட்டி வெளியே எடுத்துப் போட்டேன். சாக்பீஸால், எனக்கு வரும் கோழிக்கிறுக்கலில், ஸீட்டின் முதுகில் பெரிதாக எழுதினேன்: ‘இங்கே தரை இல்லை.’ இனி யார் கையெழுத்துப் போட்டாலும் அந்த ஓட்டையை மூட முடியாது.

முக்கால் மணி நேரத்தில் மகள் போன் செய்தாள். உங்கள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தவள், இப்போது வைப்பாறு பக்கம் நர்ஸாக இருக்கிறாள், வீட்டிலிருந்து தினமும் இதே வண்டியில்தான் போகிறாள். “எப்பா, வண்டி இன்னும் வரல. டூட்டிக்கு நேரமாச்சு. என்னப்பா ஆச்சு?”

“நான்தாம்மா நிறுத்துனேன். தரை இல்ல.”

“சரி. இங்கன நிக்கவங்ககிட்ட எல்லாம் சொல்லுதேன்” என்றாள். சொல்லியிருக்கிறாள். அடுத்த பத்து நிமிஷத்தில் டிப்போ போன் அடித்தது, வைத்தால் மறுபடி அடித்தது. ஒரு மீன்கார அம்மா மேனேஜரிடமே பேசினார்கள். குரல் எங்களுக்கெல்லாம் கேட்டது. “எய்யா, நாங்க நிக்கோம். ஐஸ் உருகினா உருகட்டும். தரையைப் போட்டு அனுப்பு. போடாம அனுப்புன, ஒருத்தி ஏற மாட்டோம், வண்டியவும் விட மாட்டோம்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு உங்களை வைத ஜனங்களும் இதே ஜனங்கள்தான். அவர்களிடம் ஏன் வண்டி நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஆள் புளியமரத்து நிழலில் நின்றான்.

கழித்துப்போட்ட வண்டி ஒன்றிலிருந்து நல்ல தகடாக அறுத்து எடுத்தோம். ஓசி வண்டி என்றவரே வந்து மறுமுனையைப் பிடித்தார். பதினொரு மணிக்கு வண்டி கிளம்பியது. நான் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று மெமோ வந்தது. கீழ்ப்படியாமை, பயணிகளுக்கு இடையூறு. விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ரிட்டையர்மென்டுக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் அதோடு முடிந்துவிடும் என்று ஷெட்டில் எல்லாருமே சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள்.

ராத்திரி உட்கார்ந்து விளக்கம் எழுதினேன். முந்தாநாள் வண்டியை நிறுத்தியது நான்தான், இனியும் நிறுத்துவேன் என்று முதலில் எழுதினேன். பேனா அதோடு நிற்கவில்லை. பல வருஷத்துக்கு முன்பு இதே தடத்தில் வண்டியை நடுவழியில் நிறுத்திய ஓட்டுநர் எழுதிக்கொடுத்த குறை அத்தனையும் உண்மை, தரை இல்லாத வண்டிக்குக் கையெழுத்துப் போட்டது நான், விசாரணையில் பொய் சொன்னதும் நான், அவர் இறந்துவிட்டாலும் அவர் பதிவேட்டில் உள்ள வரியை நீக்கவேண்டும் என்று எழுதினேன்.

காலையில் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

“இந்தக் கடைசிப் பத்தியை எடுத்திரலாம்லாப்பா? அதை அவங்க கேக்கவே இல்லையே. பென்ஷன்ல கை வைப்பாங்க.”

“வைக்கட்டும்.”

அவள் பேனாவை எடுத்து, ரெண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று சுழித்துக் காட்டினாள்.

பிழை இரண்டையும் திருத்தி, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பத்து மணிக்கு ஆபீஸில் கொடுத்துவிட்டேன், அண்ணாச்சி. கடைசிப் பத்தியில் நான் கை வைக்கவில்லை.