இரண்டு கோடு போட்ட குண்டு

பிப்ரவரி 3, திங்கள்

உறைபனி. ஸ்கூட்டர் சீட்டைத் துடைக்கும் துணி கொடியில் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. வெலிங்டன் ராணுவ ஸ்டோரில் காலை முழுக்கக் கம்பளி எண்ணினோம். இருபத்தாறு வருஷமாக எண்ணுகிறேன். இன்னும் எவனாவது ஒருத்தன் வந்து "சரியா எண்ணினீங்களா பாஸ்கர்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறான்.

மதியம் ஹாஜா போன் செய்தான். குன்னூரில் அவன் டயர் கடையில் வீல் பேலன்சிங் பார்க்கும்போது கழற்றிப் போடும் பழைய ஈயத் துண்டுகள் ரெண்டு பெயின்ட் டப்பா நிறைந்துவிட்டதாம். "போன வருசம் வேணாம்னு விட்டோம். இந்த வருசமாச்சும் தூண்டில் குண்டு ஊத்தலாம்ப்பா. சசிக்காகவாச்சும்."

சசிக்காக. பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது ஆள்காட்டி விரலில் அந்த இழுப்பு வந்தது. ரெண்டு தரம். பேனா கோடு இழுத்துவிட்டது. கிளார்க் பையன் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான்.

பிப்ரவரி 5, புதன்

ஹாஜா விடமாட்டான் போலிருக்கிறது. வாட்ஸப்பில் குழுவைத் தூசி தட்டி எழுப்பிவிட்டான். கூடலூரிலிருந்து ரிஜோ உடனே கட்டைவிரல் தூக்கிவிட்டான். தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவனுக்கு எங்கிருந்துதான் நேரம் கிடைக்கிறதோ. சசியின் நம்பரும் அந்தக் குழுவில் அப்படியே இருக்கிறது. யாரும் நீக்கவில்லை. நான் நீக்கலாம், அட்மின் நான்தான்.

பதினோரு வருஷம் நாலு பேரும் சேர்ந்து ஊற்றியிருக்கிறோம். தூண்டில் குண்டு கடையில் கிடைக்காமல் இல்லை. ஆனால் சசிதரன் கொத்தனார் இல்லையா, ரெண்டு செங்கல்லைத் தேய்த்து, குடைந்து, அச்சு செய்துவிட்டான். ஆளுக்கு ஒரு குழி, ஆளுக்கு ஓர் அடையாளம். ஹாஜாவுக்கு வட்டம், ரிஜோவுக்கு ஒரு புள்ளி, சசிக்கு மீன் வால், எனக்கு இரண்டு கோடு. "உனக்கு எதுக்குடா ரெண்டு கோடு?" என்றால், "நீ எல்லாத்தையும் ரெண்டு தரம் எண்ணுவியே" என்பான்.

கோடையில் அணையில் தண்ணீர் இறங்கினால் சேற்றில் பழைய குண்டுகள் கிடைக்கும். யாருடையது கிடைத்தாலும் ஈயம் உருக்கும் அடுப்படியில்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதை எங்கே, எப்படி விட்டான் என்று சொந்தக்காரன் எல்லார் முன்னாலும் சொல்லணும். சொன்ன பிறகுதான் குண்டு உருக்கும் சட்டிக்குள் போகும். சசிதான் ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அச்சு கேட்கக் கேத்தியில் சசி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மல்லிகா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சசி போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முன்னறைச் சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறது, அவன் படம் மாட்டவில்லை. பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்ததே நான்தான். எங்கே என்று கேட்காமல் இருந்திருக்கலாம்.

"பீரோவுக்குப் பின்னாடி கெடக்குதுங்ணா. செவுத்தப் பாத்து வெச்சிருக்கறேன். ஒரு துண்டு ஈயத்துக்கு உசுர விட்ட மனுசனோட மூஞ்சிய நான் எதுக்குங்ணா தெனமும் பாக்கோணும்? நீங்க அத்தன சொல்லியும் கேக்காம எறங்குனாரே. எங்கள ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தாரா?"

நான் தலையை ஆட்டினேன். மறுபடியும். அன்றைக்குப் போலீஸ்காரரிடம் சொன்னதுதான், இவளிடம் சொன்னதுதான். 'அவன் தூண்டில் மாட்டிக்கிச்சு, வேணாம்னேன், கேக்கல.' மூன்று வாக்கியம். ஒரு வருஷமாக அந்த மூன்று வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் செத்தவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அச்சைக் கொடுக்கவில்லை. "நானே கொண்டாரேன். அந்த ஈயம் அப்பிடி என்னதான்னு நானும் பாக்கறேன்" என்றாள்.

டீ கொடுத்தாள். குடித்தேன். எப்படித்தான் குடித்தேனோ.

பிப்ரவரி 10, திங்கள்

இழுப்பு ஐந்து முறை.

பிப்ரவரி 18, செவ்வாய்

மார்ச் 2 ஞாயிறு என்று முடிவாகிவிட்டது. எல்லாருக்கும் நான்தான் தகவல் சொன்னேன். விறகு, இரும்புச் சட்டி, கையுறை, கண்ணாடி, பிரியாணி. பட்டியல் போட்டால் எனக்கு மனசு நிற்கும். அதனால் போட்டேன்.

சாயங்காலம் ரிஜோ போன் செய்தான். அவலாஞ்சிப் பக்கம் லோடுக்குப் போனவன் எமரால்டு அணையில் இறங்கிப் பார்த்திருக்கிறான். "தண்ணி நல்லா எறங்கிப்போச்சு சேட்டா, கேட்டோ. ஒரு பை நெறைய குண்டு பொறுக்கிட்டேன். அந்த யூகலிப்டஸ் கட்டைகூட வெளிய தெரியுது. சசியேட்டன் போன எடம். அங்கயும் ஒண்ணு கெடந்துச்சு, தூண்டில் நரம்போட."

யாருடையது என்று கேட்டேன்.

"அடுப்படில பாப்போம். இப்பவே சொன்னா ரசம் போயிரும்ல?"

போனை வைத்த பிறகும் காதில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன். என் வீட்டுக்காரி உமா வந்து கையிலிருந்து வாங்கினாள்.

பிப்ரவரி 22, சனி

பையை என்னிடம் கொடு, தேய்த்துச் சுத்தம் செய்து வைக்கிறேன் என்று ரிஜோவிடம் சொல்லிப் பார்த்தேன். சேட்டனுக்கு எதுக்குச் சிரமம் என்றான். நல்ல பையன். இப்போது அவன் நல்லவனாக இருப்பதே எரிச்சலாக இருக்கிறது.

குண்டு கிடைத்தால் என்ன ஆகிவிடும்? ஜெயிலா? ஒன்றும் ஆகாது. சும்மா ஒரு பொய் சொல்லலாம், வேறு ஒரு நாள் மாட்டியது என்று. யார் கண்டது? ஆனால் மல்லிகா உட்கார்ந்திருப்பாள். அவள் முன்னால் இன்னொரு தரம் என்னால் முடியாது. உண்மையைச் சொல்லவும் முடியாது. அதனால் அது யார் கண்ணிலும் படாமல் உருகிவிடவேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும் செய்துகொண்டிருக்கிறேன் என்று எழுதிவிட்டால் குறைந்தபட்சம் இந்த நோட்டுக்காவது உண்மையாக இருப்பேன்.

பிப்ரவரி 26, புதன்

பஸ் ஸ்டாண்டில் மஞ்சு மூட்டம். எதிரே ஒருவர் முழுக்கால் சட்டையை முட்டி வரை மடித்துவிட்டு நின்றார். சசி அன்றைக்கு அப்படித்தான் மடித்தான், ஒரு கால் உயரம், ஒரு கால் தாழ்வு. கிட்டே போய்ப் பார்த்தேன். யாரோ காய்கறி லோடுமேன். என்னங்க வேணும் என்றார். மணி கேட்டுவிட்டு வந்தேன், கையில் வாட்ச் கட்டிக்கொண்டே.

மார்ச் 1, சனி

"ஆள்காட்டி வெரல்ல அந்தத் தழும்பு எப்பிடிங்க வந்துச்சு?" என்று உமா திடீரென்று கேட்டாள். தூண்டில் பெட்டி மூடி என்று எப்போதோ சொன்னதைத்தான் மறுபடி சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கினாள். ஒரு வருஷமாக நான் மீன் தொடுவதில்லை என்பதையும் அவள் எண்ணிக்கொண்டுதான் இருக்கவேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்.

ஞாயிறு நல்ல வெயில். ஹாஜா கடைப் பின்கட்டில் அடுப்பு மூட்டினோம். மல்லிகா அச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். செங்கல்லில் மண்ணெண்ணெய் விளக்குக் கரி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தான் ஹாஜா, அப்போதுதான் குண்டு ஒட்டாமல் கழன்று வரும். ஒரு முக்காலியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தாள். மீன் வால் குழியை விரலால் தடவினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஈயம் உருகி மேலே கண்ணாடி மாதிரி நின்றது. ஹாஜா லுஹர் தொழப் போனான். ரிஜோ டீ வாங்கப் போனான். மல்லிகாவின் முதுகு என் பக்கம்.

பையில் கை விட்டதும் அதுதான் வந்தது. இரண்டு கோடு. வளையத்தில் சேறு, அதில் ஒரு முழம் பச்சை நரம்பு. ரிஜோ மண்ணோடு கொண்டுவரக் கூடாதென்று காலையில்தான் பையோடு குழாயில் கழுவியிருக்கிறான். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் – ஐயோ, நான்தானே பதினோரு வருஷமாகக் கத்துகிறவன்! 'அடுப்போரத்துல காய வெச்சுட்டுப் போடுங்கடா, ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் வெடிக்கும்டா' என்று!

போட்டேன்.

கை வலிக்கிறது. மீதி நாளைக்கு.

மார்ச் 5, புதன்

டப்பென்று சத்தம். சட்டியிலிருந்து ஈயம் எகிறியது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பித்தது. முழங்கைக்குக் கீழே கையோடு ஒட்டிக்கொண்டது. கத்தினேனாம், எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது ஒன்றுதான். சட்டி குண்டை வெளியே துப்பிவிட்டது. அது உருளவும் இல்லை. மல்லிகாவின் முக்காலிக்குப் பக்கத்தில் விழுந்து, புகைந்துகொண்டு கிடந்தது.

அவள் அதைப் பார்க்கவில்லை. எழுந்து ஓடிவந்து என்னைத் தரதரவென்று இழுத்து, டியூபில் பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் கையை அமுக்கினாள். "அமுக்கிப் புடிங்கண்ணா, எடுக்காதீங்க, எடுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சட்டைக் கையிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. எனக்கு அந்தக் குமிழியைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கும் குமிழிதான் கடைசியாக வந்தது.

ஹாஜா ஓடிவந்து குண்டை இடுக்கியில் எடுத்தான். "இது உன்னுதுப்பா, ரெண்டு கோடு. எங்க கெடச்சுது ரிஜோ?"

ரிஜோ டீ பாத்திரத்தோடு நின்றான். "அந்தக் கட்டைகிட்டதான் சேட்டா" என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

எல்லாரும் நான் சொல்லக் காத்திருந்தார்கள். வழக்கம் அப்படித்தானே. மல்லிகாவின் கை என் மணிக்கட்டில் இருந்தது.

சொல்லிவிட்டேன். சசியோட தூண்டில் இல்லம்மா, என்னுது. அன்னிக்கு என்கிட்ட இருந்த கடைசிக் குண்டு. நீ உயரமா இருக்கே, எறங்கி எடுத்துவிடுடா, இடுப்பளவுதான் இருக்கும்னேன். இடுப்பளவு இல்ல, அடியில பழைய ஓடை. நரம்பைப் புடிச்சுக்கிட்டே போனான். திடீர்னு காணோம். ரெண்டு தரம் இழுத்தான்மா. நரம்பு என் வெரல்ல சுத்தியிருந்துச்சு. வெரலை அறுத்துச்சு. வலி தாங்கல. விட்டுட்டேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். என் கை தொட்டிக்குள்ளேயே கிடந்தது.

ஒன்றுதான் கேட்டாள். "எறங்கறதுக்கு முந்தி அவரு வேணாம்னு சொன்னாருங்களா?"

சொன்னான். 'எனக்கு நீச்சல் தெரியாதுடா, மல்லிகா கொன்னுபோடுவா' என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதையும் சொன்னேன்.

"என் பேரச் சொன்னாரு" என்றாள். என்னிடம் இல்லை. ஹாஜாவிடமும் இல்லை. அப்புறம் இடுக்கியிலிருந்து குண்டை முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டு, அச்சை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். சட்டியில் ஈயம் அப்படியே இறுகிவிட்டது.

மார்ச் 6, வியாழன்

உமாவிடம் தழும்பைப் பற்றிச் சொன்னேன். "தெரியும்னு சொல்ல மாட்டேன். பெட்டி மூடி இல்லீன்னு மட்டும் தெரியும்" என்றாள். கட்டு மாற்றிவிட்டாள். சோறு போட்டாள். என் பக்கத்தில் உட்காரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஹாஜா போன் செய்யவில்லை. ரிஜோ குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். இப்போது நான், ஹாஜா, சசி.

மார்ச் 29, சனி

ஹாஜா வந்தான். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே வண்டியை ஆஃப் பண்ணாமல் நின்றான். "நேத்து மல்லிகா கடைக்கு வந்துச்சு. உன் குண்டைக் குடுத்துச்சு. கதை சொல்லியாச்சுல்ல, சட்டில போட்ருங்கன்னுச்சு. போட்டுட்டேன். காய வெச்சுத்தான் போட்டேன்."

அப்புறம் என்ன ஊற்றினாய் என்று கேட்டேன்.

"மீன் வாலு. ஒண்ணே ஒண்ணு. அதையும் மல்லிகாவே கொண்டுபோயிருச்சு." என் கைக்கட்டைப் பார்த்தான். "ஆறுதா?" என்றான். பதிலுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கேத்திப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனேன். மல்லிகா வீட்டுக்கு எதிர்ப் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். கதவு திறந்திருந்தது.

அந்த ஆணியில் சசி இருந்தான். சாமந்தி மாலை, புதிது. சட்டத்தின் அடியில் நூல் கட்டி ஏதோ சின்னதாகத் தொங்கியது. அங்கிருந்தே தெரிந்தது, ஈயம் புதிதில் அப்படித்தான் பளபளக்கும்.

மெஷின் நின்றது. மல்லிகா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. மறுபடி குனிந்து தைக்க ஆரம்பித்துவிட்டாள். பஸ் வரும்வரை மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோது விரலில் இழுப்பு வந்தது. ரெண்டு தரம். குன்னூர் வரை கையை எடுக்கவில்லை.