சாமி மேடையின் மேல் ஸ்க்ரூ

அக்கா,

உன் முதல் திதி வருகிறது. இன்று காலை பெயிண்ட் அடிக்க வந்தவர் சாமி மேடையைக் கழற்றினார். பலகையின் முன்விளிம்பில் எண்ணெயும் விபூதியும் ஏறிக் கறுத்த இடம் ஒன்று, உன் உள்ளங்கை அளவுக்கு. முகர்ந்து பார்த்தேன். கற்பூர வாசம் இன்னும் போகவில்லை.

"அண்ணே, இத்துனூண்டு பலகைக்கு எதுக்குலா இவ்ளோ பெரிய பிராக்கெட்?" என்று கேட்டார். அதற்கான பதிலை உன்னிடம் சொல்கிறேன்.

எஸ்டேட்டை மூடியபின் நீ ஈப்போவுக்கு, என் ஃபிளாட்டுக்கு வந்த வாரமே உன் நெஞ்சளவு உயரத்தில் இந்த மேடையைச் சின்ன பிராக்கெட் வைத்து மாட்டினேன். இரும்புப் பட்டறையில் வரைபடம் போடுகிறவன் ஆயிற்றே, கணக்கும் போட்டேன். பலகை, சாமி படங்கள், விளக்கு எல்லாம் சேர்த்துப் பத்து கிலோ. அப்படியும் சில மாதங்களில் மேடை முன்பக்கம் சாய்ந்தது. மேல் ஸ்க்ரூ சுவரைவிட்டுப் பிதுங்கியது. "எத்தன படத்தத்தான் வைப்ப?" என்று உன்மேல் எரிந்து விழுந்தேன்.

"சாமிக்கும் வயசாவுது, கனம் கூடுதுலா," என்றாய், சிரிக்காமல்.

ஒருநாள் சாயங்காலம் வேலை சீக்கிரம் முடிந்து வந்தேன். நீ விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாய். எழும்போது முட்டி நிமிரவில்லை. பலகை விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாய். கால் எப்படி என்று எப்போது கேட்டாலும் "நல்லாதான் இருக்கு" என்றவள் நீ. சத்தமில்லாமல் வெளியே போய், பத்து நிமிடம் கழித்து, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கணக்கைத் திருத்தினேன். உன் கையின் அழுத்தம் இருபது கிலோ என்று வைத்துக்கொண்டேன். அது சுவரிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது. மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் நடுவே பத்தே சென்டிமீட்டர். ஆக, உன் கை மட்டுமே மேல் ஸ்க்ரூவை அறுபது கிலோவுக்கு இழுத்திருக்கிறது. இடைவெளியை முப்பதாக்கினால் இழுப்பு இருபதோடு நிற்கும். அதனால்தான் அவ்வளவு நீளமான பிராக்கெட்டை வாங்கி மாட்டினேன்.

"சாமிக்கு எதுக்குடா இவ்ளோ பலம்?" என்றாய்.

"வயசாவுதுன்னு நீதான சொன்ன?"

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனாய். அதன்பிறகு நான் வீட்டில் இருக்கும்போதும் விளிம்பைப் பிடித்தே எழுந்தாய்.

இன்று பெயிண்ட் அடித்தவரிடம் அந்த நீள பிராக்கெட்டையே திரும்ப மாட்டச் சொன்னேன். விளிம்பைத் துடைக்க விடவில்லை. மாலையில் விளக்கேற்றி விழுந்து கும்பிட்டேன். எனக்கும் இப்போது முட்டி வலிக்கிறது, அக்கா. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உன் கை இருந்த இடத்தைப் பிடித்து எழுந்தேன். மேடை அசையவில்லை.