ஆற்றிடம் சொன்ன கனவு

என் கண்ணே அமலி,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. மாடி அறையை நான் இன்னும் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. "ஆளில்லாத ரூமுல தெனமும் யாரு லைட்டு போடுதா, பேயா?" என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். நான்தான் போடுகிறேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் எரிந்துவிட்டுப் போகட்டும். உனக்குத்தான் இருட்டு பிடிக்காதே.

மழை நன்றாகப் பெய்து அணை நிறைந்திருக்கிறது. படித்துறையில் கடைசி நாலு படி தண்ணீருக்குள் போய்விட்டது. நீ உட்கார்ந்து எழுதுவாயே அந்த மருதமரத்து வேர், அதில் இப்போது உட்கார்ந்தால் கால் நனையும். மில்லுக்குப் போகிற சைக்கிள்கள் காலையில் அதே மாதிரிதான் மணியடித்துக்கொண்டு போகின்றன. பீடி சுற்றுகிற இசக்கியம்மா, "அமலி எப்ப வாரா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். நானும் சில காலைகளில் இரண்டு தம்ளர் காப்பி போட்டுவிடுகிறேன்.

உன் கல்லூரியில் உன் நினைவாக ஒரு மலர் போடுகிறார்களாம். உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அவளைப் பற்றி எழுத எனக்கு வராது, அவளுக்கு எழுதச் சொன்னால் எழுதுவேன் என்றேன். சரி, அப்படியே எழுதுங்கள் என்றுவிட்டார்கள். அதனால் இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையையே உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

தாமிரபரணி கடலில் போய்ச் சேருகிற இடத்து ஊர்க்காரி நீ. உன் அப்பாவுக்கு வள்ளமும் வலையும்தான் பிழைப்பு. அங்கிருந்து ஆற்றின் மறுகோடிக்கு, மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் விக்கிரமசிங்கபுரத்துக்கு, ஒரு பெட்டியும் ஒரு கட்டு நோட்டுமாக வந்து இறங்கினாய். நூலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒற்றை மனுஷி நான். என் மாடி காலியாக இருந்தது. என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"மனுசரோட பழக்கவழக்கம் அவங்க மனச எப்பிடி ஆக்குதுன்னு பாக்குத படிப்புக்கா."

"அதுக்கு இங்கன வந்து என்ன செய்வ?"

"எல்லார்ட்டயும் கனவு கேப்பேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏட்டி, இதையெல்லாமா காலேஜுல சொல்லித் தாராவ?" என்றேன். நீயும் சிரித்தாய். அன்றைக்கே நீ எனக்குத் தங்கச்சியாகிவிட்டாய் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம் தெருத்தெருவாகப் போய்க் கனவு சேர்த்தாய். இசக்கியம்மாவின் கனவில் அம்மன் வந்து வளையல் கேட்டாள். மில்லில் நூல் சுற்றுகிற ஒருவர் மலைக்கு மேலே, மேகத்துக்குள் சைக்கிள் மிதித்துப் போனார். வேறொருத்திக்குச் செத்துப்போன தாய் வந்து தலைபின்னி விட்டாள். எல்லாக் கனவிலும் பூவாசம் அடித்தது. ஒருநாள் காலை, இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நோட்டிலிருந்து எனக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினாய்: "இவ்வூர் மக்களுக்குக் கெட்ட கனவுகள் வருவதில்லை." அதற்குக் காரணம் வேறு எழுதியிருந்தாய். மலைக்காற்று, வற்றாத ஆறு, அமைதியான மனம் என்று என்னென்னவோ.

எனக்குப் புரையேறிவிட்டது. "கூறுகெட்டவளே! கெட்ட கனவு கண்டா, விடிஞ்சதும் ஆத்துல எறங்கி ஆத்துட்டதாம்ட்டி சொல்லுவாவ. தண்ணி கொண்டுபோயிரும். பெறகு மனுசருட்ட மூச்சு விடப்படாது. ஆத்துட்ட குடுத்தத திருப்பி வாங்கி உன்ட்ட எப்பிடிச் சொல்லுவாவ?"

உன் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மூன்று மாத உழைப்பு ஒரு இட்லி நேரத்தில் போயிற்று. ஆனால் நீ அழவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாய்:

"எக்கா, அப்போ நீங்க எல்லாரும் இங்கன கரைச்சு விடுத கெட்ட கனவெல்லாம் எங்க போவுது? ஆழ்வார்திருநகரி தாண்டி, கொற்கைப் பக்கமா வந்து, கடைசில எங்க ஊருக்குத்தானே வருது! எங்க அப்பா வலையில மீன் மட்டுந்தான் விழுதுன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்!"

அன்றைக்குத்தான் உன் வீட்டு வழக்கத்தைச் சொன்னாய். அடுப்படியை நீ குசினி என்பாய். விடிகிற நேரத்தில் உன் அம்மா குசினியில் கருப்பட்டிக் காப்பி ஆற்றிக்கொண்டே எல்லாரையும் கேட்பாளாம்: "யாரு என்ன கனவு கண்டிய? ஒளிக்காம சொல்லுங்க." யாராவது கெட்டது கண்டிருந்தால் அன்றைக்கு உன் அப்பா வள்ளம் இறக்கமாட்டார். உட்கார்ந்து வலையைச் சரிபார்ப்பார். கடலுக்குப் போகிற வீட்டில் கனவு என்பது ஒரு சேதி. எங்களுக்கு அது அழுக்குத்துணி. அலசி விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

ஒரே ஆறு, ஒரே தமிழ். பிறகு எப்படி அமலி இப்படி? உன்னிடம் இதைத்தான் கேட்டேன். "அதத்தானக்கா படிக்க வந்திருக்கேன்" என்றாய்.

கெட்ட கனவே வருவதில்லை என்று எழுதியிருந்த வரியை நோட்டில் அடித்துவிட்டு, மறுநாளிலிருந்து படித்துறைக்கு வந்தாய். குளிக்கிறவர்கள் பேசுவது காதில் விழாத தூரத்தில், மருதமரத்து வேரில் உட்கார்ந்துகொள்வாய். செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவாய். நோட்டில் ஒரு வரிதான் எழுதுவாய்: "வெள்ளி. பச்சைச் சேலை. ஆற்றிடம் பேசினார். நான் கேட்கவில்லை." அதற்குக் கீழே நாலு வரி காலியாக விடுவாய். எதற்கு வெட்டியாகத் தாளை வீணாக்குகிறாய் என்று திட்டினேன்.

"அது அவங்க எடம்க்கா. அங்கன ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா போதும். என்னன்னு தெரியாண்டாம்."

பைய பைய நீ எங்கள் ஊர்க்காரியாகிவிட்டாய். ஒருநாள் ஈரத்தலையோடு ஆற்றிலிருந்து வந்தாய். "என்னட்டி, கனவா?" என்றேன். நீ வாய் திறக்கவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு மாடியேறிவிட்டாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடற்கரைப் பிள்ளையை ஆற்றுப் பிள்ளையாக்கிவிட்டேன் என்று இசக்கியம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அந்தப் பெருமைதான் இப்போது குத்துகிறது.

இனி எழுதப்போவதை நான் எந்த மனுஷரிடமும் சொன்னதில்லை.

மாசி மாதம் ஒரு விடிகாலையில் கண்ட கனவு. ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் சத்தமே இல்லை. நீ ஒரு வள்ளத்தில் உட்கார்ந்து கிழக்கே போகிறாய். துடுப்புப் போட ஆளில்லை. மடியில் நோட்டு. வலது கையால் இடது நெஞ்சைத் தடவித் தடவி எதையோ தேடுகிறாய். "பேனாவக் காணும்க்கா" என்கிறாய். பேனா உன் காதில்தான் செருகியிருக்கிறது. அதைச் சொல்ல வாய் திறக்கிறேன், வாய் நிறையத் தண்ணீர். வள்ளம் பாலத்துக்கு அடியில் போகிறது, அந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறது, நீ திரும்பிப் பார்க்கவில்லை.

நீ செத்ததாகக் கண்டிருந்தால்கூட ஆயுசு கெட்டி என்று சொல்லிச் சிரித்திருப்போம். நீ சாகவில்லை, அமலி. நீ போனாய்.

எழுந்து நேரே ஆற்றுக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லி முடித்து நிமிர்ந்தால், நீ வேரில் உட்கார்ந்திருக்கிறாய். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். நீ தலையைக் குனிந்து நோட்டில் எழுத ஆரம்பித்தாய். என்னட்டி எழுதுற என்று நானும் கேட்கவில்லை, என்னக்கா சொன்னிய என்று நீயும் கேட்கவில்லை. நீ கேட்கமாட்டாயா என்று எனக்கு இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போனாய். விடிகாலையில், அம்மாவின் குசினியில், காப்பித் தம்ளரை வாங்கக் கை நீட்டியபடியே சரிந்துவிட்டாய். நெஞ்சு. வலி பல நாளாகவே இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

இருந்தது. எனக்குத் தெரியும். படித்துறையிலிருந்து ஏறும்போது பாதிப் படியில் நின்று நெஞ்சில் கைவைப்பாய். வாயுப் பிடிப்பு என்று சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தவள் நான்தானே! பகலில் என் கண் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்ததைத் தூக்கம் எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறது. நான் அதைச் சேதி என்று எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி அலசி விட்டுவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாளே உன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை குசினியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு துக்கத்திலும் உன் அம்மா வழக்கத்தை விடவில்லை. உன் தம்பியைக் கேட்டாள், அப்பாவைக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவ உங்க வீட்டுலதானக்கா இருந்தா. முன்கூட்டி உங்களுக்கு எதும் சொப்பனம் வந்துச்சா? எம் பிள்ளையப் பத்தி?"

"இல்ல" என்றேன். காப்பி நாக்கைச் சுட்டது.

"எனக்கும் வரலக்கா. இந்த வீட்டுல ஒரு ஆடு நோவுக்கு விழுந்தாக்கூட எனக்குக் கனவுல தெரியும். பெத்த பிள்ளையப் பத்தி ஒண்ணும் தெரியலியே. நான் என்ன தாயி?"

அமலி, நான் அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஆற்றிடம் கொடுத்தது திரும்பி வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். அறுபது வருஷப் பழக்கம் தொண்டையில் உட்கார்ந்துகொண்டால் அதைத் தாண்டி ஒரு சொல் வருமா? நீ இருந்தால் இதற்கு ஒரு பேர் வைத்திருப்பாய்.

போன வாரம் உன் ஆசிரியர் உன் நோட்டுகளை என்னிடம் கொடுத்தார். மலரில் சில பக்கங்களைப் போடப்போகிறார்களாம். ஆட்கள் பேரை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். புரட்டிக்கொண்டே வந்தேன். மாசி மாதத்துப் பக்கத்தில் என் பேர் இருந்தது.

"செவ்வாய். கோமதியக்கா. வெகுநேரம் ஆற்றிடம் பேசினார்கள். என்னைப் பார்த்தார்கள். முகம் சரியில்லை. எங்கள் வீடாக இருந்தால் ஓடிப்போய்க் கேட்டிருப்பேன். இப்போது கேட்க வாய் வரவில்லை. இந்த ஊர் என்னை என்ன செய்துவிட்டது?"

கீழே நாலு வரி காலி.

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீ படிக்க வந்த பாடம் உனக்குள்ளேயே நடந்திருக்கிறது, நீயும் அதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறாய். அந்த ஒரு காலைக்கு மட்டும் நீ பழைய கடற்கரைக்காரியாக இருந்திருந்தால் கேட்டிருப்பாய். நான் உன் வீட்டில் பிறந்தவளாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். கரையில் ஒருத்தி, தண்ணீரில் ஒருத்தி, இரண்டு பேரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டோம்.

சொல்லியிருந்தால் நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாயா? இல்லை, "நல்ல கனவுக்கா" என்று நோட்டை எடுத்திருப்பாயா? உன்னைத் தெரிந்தவரைக்கும், இரண்டாவதுதான் செய்திருப்பாய் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். தேறவில்லை.

அந்த நாலு வரியை நிரப்பிவிட்டேன். வள்ளம், பேனா, பாலம், எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். மற்றவர்களுடைய காலி இடங்களைத் தொடவில்லை. அவற்றைக் காலியாகவே அச்சடிக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னேன். "படிக்கிறவங்க அச்சுப் பிழைன்னு நெனைப்பாங்களே" என்றார். நினைக்கட்டும் என்றேன்.

ஆனால் நோட்டில் எழுதுவது சொன்னதாகாது. மலர் அச்சாகி உன் அம்மா கையில் கிடைத்து, யாரோ வாசித்துக் காட்டி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. பெற்றவளுக்கு ஒரு கனவுகூட வரவில்லையே என்று ஒன்பது மாதமாக அவள் தன்னையே குத்திக்கொண்டிருக்கிறாள். சேதி வந்ததம்மா, வீடுமாறி என் வீட்டுக்கு வந்தது, நான்தான் ஆற்றில் விட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவள் என்னை ஏசலாம். இனிமேல் வீட்டுப்படி ஏறாதே என்றும் சொல்லலாம். தம்ளரைத் தூக்கி எறிந்தாலும் வாங்கிக்கொள்வேன்.

இன்றைக்குக் காலையில் ஆற்றில் இறங்கினேன். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டு கரையேறிவிட்டேன். இனி இது ஆற்றுக்கு உரியது இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறுகிறேன். சனிக்கிழமை விடியும்போது உன் அம்மாவின் குசினியில், நீ உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் காப்பி ஆற்றிக்கொண்டே கேட்பாள். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அமலி.

கூடப் பிறக்காமல் உனக்கு அக்காவானவள்,
கோமதி